குழாய் வந்தப்புறம் ஊத்து எதுக்கு?

கேள்வி, பிப்ரவரி 9
எங்க ஊரு போடி பக்கம் மலையடிவாரம். மேல ஒரு பழைய ஊத்து இருக்கு, இப்ப தூர்ந்து கிடக்கு. பெரியவங்க அதை மறுபடி தோண்டணும்னு கூட்டம் போட்டு சண்டை. பஞ்சாயத்து போர்வெல் இருக்கு, வீட்டுக்கு வீடு குழாய் இருக்கு. மழை குறைஞ்சா ஊத்து வத்தத்தான் செய்யும், அது இயற்கை. அதுக்குப் போய் காசு கொட்டணுமா? மலைப் பக்கம் இருக்கறவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 10
"மழை குறைஞ்சா வத்தும்"னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க, அதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். நான் உடுமலைப்பேட்டையில பொறந்து காந்தல்லூர் பக்கம் வாக்கப்பட்டு வந்தவ. இடுக்கி ஜில்லாதான், ஆனா வீட்டுல, வயல்ல, மந்தையில எல்லாம் தமிழ்தான். எங்க ஊருக்கு ரெண்டு ஊத்து. ரெண்டும் ஒரே மலையோட சரிவு, நடந்தா கால் மணி நேர தூரம். ஒரே மேகம், ஒரே மழை. மேலூத்து பங்குனி பாதியிலயே காஞ்சு போகுது, கீழூத்து சித்திரையிலயும் ஓடுது. மழை மட்டும்தான் காரணம்னா ரெண்டும்ல வத்தியிருக்கணும்?

வித்தியாசம் என்னன்னா மேலூத்துக்கு மேல இருக்கற சரிவு முழுக்க கிராண்டிஸ் மரம். கீழூத்துக்கு மேல புல்லும் ஒரு துண்டு சோலையும் இன்னும் மிச்சம் இருக்கு. ஊத்துக்கண்ணு வெறும் காம்பு, மலைதான் மாடு. நீங்க காம்பைப் பாத்துட்டு பால் இல்லங்கறீங்க.

பிப்ரவரி 10, ராத்திரி
இன்னொண்ணு. குழாய் இருக்கறதால ஊத்து வேண்டாங்கறீங்களே, அந்தக் குழாய்க்குத் தண்ணி எங்கிருந்து வருது? எங்க ஊர்ல பஞ்சாயத்து டேங்குக்கே கீழூத்துத் தண்ணிதான் ஏறுது. உங்க ஊரு டேங்குக்கு எங்கிருந்து ஏறுதுன்னு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

பிப்ரவரி 14
கிராண்டிஸ் பத்தி நாலஞ்சு பேர் கேட்டிருக்கீங்க. தைலமரத்துல ஒரு ஜாதி அது. நேரா சரசரன்னு வளரும், காகிதக் கூழுக்கும் கட்டடச் சாரத்துக்கும் போகும். மறையூர், காந்தல்லூர், வட்டவடை எல்லாப் பக்கமும் பூண்டு, பீன்ஸ் போட்ட தட்டுநிலத்துலயே இதை நட்டாங்க.

"மரம் வச்சா மழை வரும், மரம் எப்படி ஊத்தை வத்த வைக்கும்"னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்விதான், ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நீலகிரியில கிளென்மார்கன்னு ஒரு இடம். அங்க மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க பக்கத்துப் பக்கத்துல ரெண்டு நீர்ப்பிடிப்புப் பகுதியை எடுத்து, ஒண்ணைப் புல்வெளியா அப்படியே விட்டாங்க, இன்னொண்ணுல ஒரு பகுதிக்கு தைலமரம் வச்சாங்க. வச்சு வருஷக்கணக்கா ஓடைத் தண்ணியை அளந்தாங்க. முதல் பத்து வருஷச் சுத்துல தண்ணி வரத்து 16 சதவீதம் குறைஞ்சது. மரத்தை வெட்டினப்புறம் கட்டையில துளிர்த்து வந்த மறுதாம்பு இருக்கு பாருங்க, அந்த ரெண்டாவது சுத்துல 25 சதவீதத்துக்கும் மேல குறைஞ்சது. அதாவது மறுதாம்பு முதல் மரத்தை விட அதிகமா குடிக்குது. வெட்டி வித்துட்டோம், இனி ஊத்துக்கு நல்லதுன்னு நினைச்சு கட்டையை அப்படியே விட்டா நிலைமை இன்னும் மோசமாத்தான் போகும். அந்த ஆராய்ச்சியில அடிபட்டதுல முக்கியமானது மழை இல்லாத மாசத்துல ஓடுற தண்ணி. ஊத்துன்னா அதுதானே.

அங்க வச்சது நீலகிரித் தைலமரம், எங்க ஊர்ல கிராண்டிஸ், ஜாதி வேற. அதனால அந்தக் கணக்கை அப்படியே எங்க மலைக்கு ஒட்ட முடியாது. ஆனா மேலூத்தைப் பாத்தவ நான். கர்நாடகாவுல 2017லயே தைலமரம் புதுசா நடக்கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க, அங்கயும் நிலத்தடித் தண்ணிதான் பிரச்சனை.

பிப்ரவரி 15
"நட்டவன் எல்லாம் முட்டாளா"ன்னு கோவமா ஒரு பதில். நான் அப்படிச் சொல்லவே இல்லங்க. பூண்டு போட்டா விலை விழுது, பீன்ஸ் போட்டா பன்னி தோண்டுது, காட்டுமாடு உள்ள இறங்குது, ராத்திரி முழுக்க காவல் இருக்க ஆள் இல்ல. கிராண்டிஸை எந்த மிருகமும் தின்னாது, நட்டுட்டு திருப்பூர் பக்கம் வேலைக்குப் போயிடலாம், ஏழெட்டு வருஷத்துல மொத்தமா ஒரு தொகை கையில வரும். அந்தக் காசுல பொண்ணைக் கட்டிக் குடுத்தவங்க, பையனைப் படிக்க வச்சவங்க எனக்கே நெருங்கின சொந்தம். அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது. கேட்கறது ஒண்ணே ஒண்ணுதான், ஊத்துக்கு நேர் மேல இருக்கற சரிவை மட்டுமாவது விட்டுடுங்க. மத்த இடத்துல நட்டா நான் வாயே திறக்கல.

பிப்ரவரி 22
போர் விஷயம். கம்பத்துல இருந்து எழுதற அக்கா நல்லா சொன்னாங்க, அங்க சமவெளியில கிணத்துக்குக் கிணறு தண்ணி பங்கு போட்டுக்குற கதை. மலையில அதை விடச் சிக்கல். எங்க பக்கம் அடியில கெட்டிப் பாறை, தண்ணி நிக்கறதே மேல இருக்கற மக்கின சரளையிலயும் பாறை வெடிப்புலயும்தான். அந்தச் சரளை முடிஞ்சு பாறை தலைகாட்டுற இடத்துல தண்ணி வெளிய கசியுது, இல்ல வெடிப்பு வழியா வருது, அதைத்தான் ஊத்துங்கறோம். நீங்க மேல நின்னு போர் போட்டு அதே வெடிப்புல குத்தினீங்கன்னா கீழ ஊத்துக்கு வர்ற தண்ணியைத்தான் மோட்டார் வச்சு எடுக்கறீங்க. புதுத் தண்ணி ஒரு சொட்டும் இல்ல. இதுல கரண்ட் பில்லு, காயில் எரிஞ்சா மெக்கானிக் மலை ஏறி வர்ற கூலி. ஊத்து தன்னால இறங்கி வரும், எங்க ஊர்ல கரண்ட் போனா நாள் கணக்குல வராது, அப்ப எல்லா வீட்டு அடுப்பும் எரியறது ஊத்துத் தண்ணியை நம்பித்தான்.

மார்ச் 2
ஊத்துத் தண்ணியை முறை வச்சு எடுக்கறது பத்தி எழுதச் சொல்லி கேட்டுட்டே இருக்கீங்க, கொஞ்சம் நீளமா வரும்.

நான் வந்த புதுசுல கீழூத்துல முறை உண்டு. விடியக்காலை குடிக்கத் தண்ணி மட்டும், குடம் மட்டும்தான். பொழுது ஏறினப்புறம் துணி, மாடு, அதுவும் ஊத்துக்குழியில இல்ல, கீழ வழிஞ்சு நிக்கற தொட்டியில. சாயங்காலம் வழியிற தண்ணி வாய்க்கால்ல இறங்கி பூண்டுத் தட்டுக்குப் போகும், அதுக்கு வாரக் கிழமை வச்சு வீட்டுக்கு வீடு முறை. முறை தவறினா ஊர்ப் பெரியதனம் மந்தையில கூப்பிட்டு விசாரிப்பாரு. சண்டை வராம இல்ல, வாரா வாரம் வரும், ஆனா சண்டை போடறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு.

கல்யாணம் ஆன பொண்ணு முதல் குடம் ஊத்துல எடுத்துட்டு வந்துதான் அடுப்படிக்குள்ள போகணும். என் அத்தை என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. ஊத்துக்குப் பக்கத்துல ஏழு கல்லு, கன்னிமாரு. மஞ்சத் தடவி ஒரு கும்பிடு. அப்புறம் குனிஞ்சு பாருன்னாங்க. குழியோட அடியில ஒரு இடத்துல மட்டும் மணல் நிக்காம துள்ளிக்கிட்டே இருக்கும், வெள்ளை மணல், நடுநடுவுல மின்னுற காக்காப்பொன் துணுக்கு. அதுதான் கண்ணு, அங்க குடத்தை வைக்காத, ஓரமா மொண்டுக்க, கலக்காதன்னாங்க. ஒரு கல்லுக்கு அடியில நண்டு ஒண்ணு கொடுக்கைத் தூக்கிட்டு நின்னுச்சு, அதை விரட்டக் கூடாதாம், நண்டு வளை போட்டாதான் கண்ணு அடையாதாம். அது நிஜமா இல்லையான்னு எனக்கு இன்னிக்கும் ஒரு முடிவு இல்ல, ஆனா நண்டு இருக்கற வரைக்கும் யாரும் அந்தத் தண்ணியில பூச்சிமருந்து டப்பா கழுவலங்கறது மட்டும் உறுதி. மார்கழியில போனா தண்ணி கையில வெதுவெதுன்னு இருக்கும், வெளிய வயல்ல புல்லு மேல பனி உறைஞ்சு கிடக்கும். பூமிக்கடியில குளிரும் வெயிலும் சட்டுனு இறங்காததால ஊத்துத் தண்ணி வருஷம் முழுக்க ஏறத்தாழ ஒரே சூட்டுல இருக்கு, வெளிய குளிரறப்ப நமக்கு வெதுவெதுப்பா தெரியுது.

பங்குனி கடைசியில ஊரே சேந்து தூர் எடுக்கும். வீட்டுக்கு ஒரு ஆள், ஆள் இல்லாத வீடு அரிசியாவது குடுக்கணும். அன்னிக்கு மத்தியானம் அங்கயே சோறு.

இது எப்ப உடைஞ்சதுன்னா கருப்பு ஹோஸ் வந்தப்ப. முதல்ல ஒரே ஒரு வீடு, வயசானவங்க இருக்காங்கன்னு ஹோஸ் போட்டுக்கிட்டாங்க, யாரும் ஒண்ணும் சொல்லல. அடுத்த வருஷம் கண்ணுக்குள்ளயே ஹோஸ் சொருகினாங்க. அப்புறம் பாத்தா குழி முழுக்க ஹோஸ், ராத்திரியில ஒருத்தர் ஹோஸை இன்னொருத்தர் பிடுங்கிப் போடறது. வீட்டுக்குத் தண்ணி வந்தது பொம்பளைங்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலைன்னு எனக்குத் தெரியும், இடுப்புல குடத்தோட அந்த ஏத்தத்தை ஏறினவ நான், மறுபடி குடம் தூக்கணும்னு சொல்ற ஆம்பளைங்களோட எனக்கு ஒத்து வராது. ஆனா வாசல்லயே தண்ணி வந்தப்புறம் யாரும் ஊத்துக்குப் போறதில்ல. போகாததால மேல கிராண்டிஸ் நட்டப்ப யாருக்கும் தெரியல, தூர் எடுக்க ஆள் சேரல, முறை கேட்கவும் ஆள் இல்ல. அதனால மரத்து மேல மட்டும் பழியைப் போட்டா பாதிதான் சரி.

மார்ச் 3
ஹோஸ் பத்தி எழுதினதும் மூணாறு எஸ்டேட் லைன்ல இருந்து ஒரு தம்பி "எங்க பக்கம் ஹோஸ் திருட்டு பண்றது யானைதான்"னு போட்டிருக்கார். எங்க ஊர்லயும் அதே கதைதான் தம்பி, மிதிக்கிறதோட விடாது, எந்த ஹோஸ்ல தண்ணி ஓடுதுன்னு கண்டுபிடிச்சு அதை மட்டும் இழுத்துப் பிச்சுக் குடிக்கும். ஊர்ப் பெரியதனத்தால தீர்க்க முடியாத ஹோஸ் தகராறை ஒரே ராத்திரியில தீத்து வச்சிட்டுப் போகும், எல்லாருக்கும் சமமா தண்ணி இல்ல!

மார்ச் 9
ஊத்துல தண்ணி எவ்வளவு வருதுன்னு அளக்கச் சொன்னா எல்லாரும் மீட்டர் கேக்கறீங்க. வாளியும் ஃபோனும் போதும். தண்ணி முழுசும் ஒரே வழியா விழற மாதிரி ஒரு பைப்போ மூங்கிலோ வச்சு, 15 லிட்டர் வாளி நிறைய எத்தனை செகண்ட் ஆகுதுன்னு பாருங்க. 60 செகண்ட்ல நிறைஞ்சா நிமிஷத்துக்கு 15 லிட்டர், ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். வீட்டுக்கு வீடு குழாய் குடுக்கற ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு வச்சிருக்காங்க, அந்தக் கணக்குல கிட்டத்தட்ட 390 பேருக்கு. பாக்கறதுக்கு விரல் தடிமன் தண்ணி, ஒரு குக்கிராமமே பொழைக்கும். ஆனா ராத்திரி ஓடுறதைப் பிடிச்சு வைக்க டேங்க் இருந்தாதான் இந்தக் கணக்கு செல்லும், இல்லன்னா பாதி ஓடைக்குப் போயிடும்.

வாளி நிறைய மூணு நிமிஷம் ஆச்சுன்னா 130 பேருக்குத்தான் வரும். மாசம் ஒரு தடவை ஒரே தேதியில அளந்து நோட்டுல எழுதி வைங்க, பக்கத்துலயே கடைசியா பெரிய மழை என்னிக்குன்னும் எழுதணும். கீழூத்துல ஐப்பசி கார்த்திகை மழை நின்னு பல வாரம் கழிச்சும் வரத்து இறங்காது. மழை பெஞ்ச மறுநாளே ஏறி, நின்ன வாரமே இறங்கிடற ஊத்துன்னா அது மேலாக்க ஓடுற தண்ணி, மலை பிடிச்சு வைக்கலன்னு அர்த்தம். போடிக்காரரே, உங்க ஊத்து தூர்ந்துதான் போச்சா, வத்திடுச்சான்னு மொதல்ல தெரிஞ்சுக்கங்க, ரெண்டும் வேற வேற.

மார்ச் 17
தூர்ந்த ஊத்தை எப்படி எடுக்கறதுன்னு கேட்டதுக்கு. பொக்லைன் கூப்பிடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். மண்வெட்டி, கடப்பாரை, கை. ஈரமா இருக்கற இடம், பெரணி அடர்த்தியா நிக்கற இடம் பாத்து கொஞ்சம் கொஞ்சமா மண்ணை வெளிய எடுங்க. தண்ணி கசியற இடம் தெரிஞ்சதும் நிறுத்துங்க. அங்க கல்லும் சரளையும் அடுக்கி, அதுக்கு முன்னாடி சின்னத் தொட்டி கட்டி, மேல மூடி போட்டு, வழியிற பைப்பை ஊத்துக்கண்ணோட மட்டத்துக்குக் கீழயே வைங்க. பைப்பு மேல இருந்தா தொட்டியில நிக்கற தண்ணி கண்ணை எதிர்த்து அழுத்தும், ஊத்து வேற வழி தேடிப் போயிடும். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஊர்ல கான்ட்ராக்ட் எடுத்தவங்க கண்ணைச் சுத்தி கான்கிரீட்ல தரை போட்டு டைல்ஸும் ஒட்டிட்டுப் போனாங்க. அடுத்த வருஷம் தொட்டி காஞ்சு கிடக்கு, பத்தடி தள்ளி ஒருத்தர் வயல்ல சேறு. பெயிண்ட்ல திட்டத்தோட பேரு மட்டும் பளிச்சுனு இருக்கு.

மார்ச் 30
மேல சரிவு முழுக்க குழி வெட்டி மழைத்தண்ணியை இறக்கலாமேன்னு ரெண்டு பேர். சிக்கிம்ல 2008ல இருந்து அப்படித்தான் ஊத்துகளை மீட்டாங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், சரிதான், ஆனா அவங்க பாறை எந்தப் பக்கம் சாயுது, தண்ணி எந்தச் சரிவுல இறங்கி எங்க வெளிய வருதுன்னு படிச்சுட்டு வெட்டினாங்க. ஊத்து இந்தப் பக்கம் இருக்கும், தண்ணி இறங்கற இடம் மலைக்கு அந்தப் பக்கமா கூட இருக்கலாம்.

அதை விட முக்கியம், நம்ம பக்கம் செங்குத்துச் சரிவுல தண்ணியைத் தேக்கக் கூடாது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி ராஜமலை பெட்டிமுடியில என்ன நடந்துச்சுன்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. மலை சரிஞ்சு எழுபது பேர் போனாங்க, எஸ்டேட் லயத்துல தூங்கிட்டிருந்த நம்ம ஜனங்க. பேய்மழை, சரளை மண்ணு, அடியில பாறை, நடுவுல தண்ணி நிறைஞ்சா மேல இருக்கறது மொத்தமா வழுக்கும். அதனால குழி வெட்டறதா இருந்தா தட்டையான இடம், வீடு கீழ இல்லாத இடம், அதுவும் விவரம் தெரிஞ்சவங்க வந்து பாத்தப்புறம். செங்குத்துல புல்லும் சோலையும் வளர விட்டாலே போதும்.

ஊத்தைத் தினமும் பாக்கறவங்களுக்கு இன்னொரு விஷயம். அடைமழையில தெளிஞ்ச ஊத்து திடீர்னு செம்மண் கலங்கலா வந்தா, ஓடிட்டிருந்தது டக்குனு நின்னா, இதுவரைக்கும் இல்லாத இடத்துல புதுசா தண்ணி பீறிட்டா, அந்த நிமிஷமே கீழ இருக்கறவங்களைக் கூட்டிட்டு வெளியேறிடுங்க. சாமான் எடுக்க நிக்காதீங்க. ஊத்துக்குப் போற ஆள் ஊர்ல இல்லன்னா இதைச் சொல்ல யாரு இருக்கா? குழாயைத் திறந்து பாத்துட்டு மலை நகருதுன்னு சொல்ல முடியுமா?

ஏப்ரல் 6
ஊத்து யாருக்குச் சொந்தம்? இது பெரிய வில்லங்கம். 1882ம் வருஷத்து ஈஸ்மென்ட் (நிலப் பாத்தியதை) சட்டப்படி நிலத்துக்கு அடியில தடம் இல்லாம ஓடுற தண்ணியை நிலத்துக்காரன் தன் எல்லைக்குள்ள எடுத்துக்கலாம். கேரளாவுல 2002ல நிலத்தடி நீர்ச் சட்டம் வந்துச்சு, அது வந்தும் சர்க்கார் அறிவிச்ச இடங்கள்லதான் பிடி இறுக்கம். எங்க கீழூத்து புறம்போக்குல இருக்கு, தண்ணி இறங்கற புல்வெளி பட்டா நிலம். அதுல ஒரு துண்டை வெளியூர்க்காரர் ஒருத்தர் வாங்கி காட்டேஜ் கட்டறதுக்கு மட்டம் பண்ணிட்டார், கக்கூஸ் குழி ஊத்துக்கு நேர் மேல வருது. 2023ல காந்தல்லூருக்கு நாட்டுலயே சிறந்த சுற்றுலாக் கிராமம்னு தங்க விருது குடுத்தாங்க, சந்தோஷம், எங்க புள்ளைங்களுக்கு ஜீப் ஓட்ற வேலை கிடைச்சது. ஆனா வர்றவங்க குளிக்கறதுக்கும் இதே ஊத்துதானே. குழியை இடம் மாத்துங்கன்னு எழுதிக் குடுத்திருக்கோம். மாத்தற வரைக்கும் விடறதா இல்ல.

ஏப்ரல் 20
உடுமலைக்காரர் ஒருத்தர் "அது உங்க ஊர்ப் பிரச்சனை, எங்களுக்கு என்ன"ன்னு கேட்டாரு. அண்ணே, நானும் உங்க ஊர்ல பொறந்தவதான். கேரளாவுல கிழக்கு பாத்து ஓடுற ஆறு மூணே மூணு, கபினி, பவானி, பாம்பாறு. எங்க ஊத்து வழிஞ்சு ஓடைக்குப் போகுது, ஓடை பாம்பாத்துக்கு, பாம்பாறு சின்னாறைச் சேந்துக்கிட்டு உங்க அமராவதி அணைக்கு. 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்புல பாம்பாத்துல கேரளாவுக்கு 3 டிஎம்சின்னு பிரிச்சாங்க, அதுக்கு ரெண்டு பக்கமும் எவ்வளவு பேச்சு. கோடையில அந்த ஆத்துல ஓடுறதே ஊத்துக் கசிவுதான். மேல ஊத்து வத்திப் போனா பங்கு போட என்ன இருக்கும்? எங்க ஊர்ல புல்வெளி மிஞ்சினா உங்க கரும்புக்கும் நல்லதுதான்.

ஏப்ரல் 27
மேலூத்துக்கு மேல ரெண்டு பேர் கிராண்டிஸை வெட்டி, கட்டையையும் வேரோட பேத்து எடுக்க ஒத்துக்கிட்டாங்க. கூலிக்கு ஊர்ப் பொதுப்பணத்துல பாதி. பழையபடி புல்லு வரணும்னா சும்மா விட்டா போதாது, வாட்டில்ங்கற சீமை மரத்துக் கன்னு முளைச்சு மூடிடும், அதைப் பிடுங்கிக்கிட்டே இருக்கணும். தண்ணி எப்ப திரும்பும்னு கேக்காதீங்க, நான் வாக்கு குடுக்க மாட்டேன். மூணாவது நிலத்துக்காரர் இன்னும் மசியல, அவர் பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம், அது முடிஞ்சு பேசலாம்ங்கறார்.

மே 4
போடிக்காரர் தோண்ட ஆரம்பிச்சிட்டாராம், தண்ணி கசியுதாம், ரொம்ப சந்தோஷம். பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்னு கேட்டிருக்கார். ஊத்துக்கண்ணுல போடாதீங்க, அடிச்சுட்டுப் போயிடும், நண்டும் தவளையும் சாகும். சேமிக்கிற டேங்க்ல மட்டும் போடுங்க. நல்ல பவுடர்னா 1000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கு, ஒரு வாளியில கரைச்சு தெளிய வச்சு மேல்தண்ணியை மட்டும் ஊத்துங்க, ஒரு மணி நேரம் கழிச்சு திறந்து விடலாம். தண்ணி கலங்கலா இருந்தா பவுடர் வேலை செய்யாது, அன்னிக்கு காய்ச்சித்தான் குடிக்கணும். மொதல்ல ஒரு பாட்டில் தண்ணியை டெஸ்டுக்குக் குடுங்க, மேல யாரோட கக்கூஸ் குழி இருக்குன்னு பாருங்க. தூர் எடுக்கறதுக்கு ஊர்ல எந்த நாள் குறிச்சிருக்கீங்க?